கனரக லொறிகளுக்கு ரயர்ச் சங்கிலி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு குளிர்காலங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைவீதிகளில் லொறி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். சாரதி வேலைக்கு அங்கே போகவிருக்கும் தம்பிமாரும், ஏற்கெனவே போய் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நினைத்து நித்திரை கொள்ளாத தாய்தகப்பன்மாரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

“பனி இங்கையும்தானே மார்கழியில கொட்டுது. அதுக்கு ஏன் சில்லுக்குச் சங்கிலி?”

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மார்கழி விடியலில் ஆனையிறவு வெளியைக் கடக்கும்போது முன்கண்ணாடியை மறைப்பதையும் பனி என்கிறோம். கனடாவில் முழங்கால் உயரத்துக்கு வீதியில் குவிவதையும் பனி என்கிறோம். முன்னது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. அது கண்ணை மறைக்குமே தவிர ரயரின் பிடியைப் பெரிதாகக் குறைக்காது. பின்னதை இங்கே வெண்பனி என்றும், வீதியோடு ஒட்டி உறைந்த நீரைப் பனிக்கட்டி என்றும் எழுதுகிறேன்.

இலங்கையில் இதற்குக் கிட்டிய காட்சி, சில வருடங்களில் தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் புல்லின் மேல் காலையில் படியும் உறைபனிதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நான் ஓடிய கொக்கிஹாலா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீற்றர் மட்டுமே. உயரம் குறைந்த அந்த இடம் மாதக்கணக்கில் வெண்பனிக்குள் கிடப்பதற்குக் காரணம், அது பூமத்திய ரேகையிலிருந்து 49 பாகைக்கும் அப்பால் வடக்கே இருப்பதே.

“ரயர்ச் சங்கிலி எண்டால் எப்பிடி இருக்கும்? வயலுக்கு இறக்கிற ரக்ரரின்ர இரும்புச் சில்லு மாதிரியோ?”

நோக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். கிளிநொச்சி வயலில் சேற்றுழவுக்குப் பூட்டும் இரும்புச் சில்லு சேற்றுக்குள் இறங்கிப் பிடிப்பதைப் போல, சங்கிலி வெண்பனிக்குள்ளும் பனிக்கட்டிக்குள்ளும் கடித்து இறங்குகிறது. ஆனால் சங்கிலி சில்லுக்குப் பதிலாகப் பூட்டப்படுவதன்று. ரயரின் மேலேயே போர்த்தப்படுவது. ரயரின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் சுற்றிவரும் இரண்டு நீளச் சங்கிலிகளையும், அவற்றை ஏணிப் படிகளைப் போல இணைத்து ரயரின் முகத்துக்குக் குறுக்கே ஓடும் குட்டைச் சங்கிலிகளையும் நினைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் அதன் அமைப்பு.

லொறியின் பின் அச்சில் ஒவ்வொரு பக்கமும் இரட்டை ரயர் இருப்பதால், இரண்டையும் ஒன்றாக மூடும் மூன்று நீளச் சங்கிலிகள் கொண்ட வகையும் உண்டு. அதில் ஒன்று தூக்குவதற்கே நாற்பது ஐம்பது கிலோ வரும். ஓர் அரிசி மூட்டையைக் குளிரில், சேறும் தண்ணீருமாகக் கிடக்கும் தரையிலிருந்து தோளுயரத்துக்குத் தூக்கி எறிவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சங்கிலி ரயரின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். 11ஆர் 22.5 ரயருக்கு வாங்கியது 11ஆர் 24.5 ரயருக்குப் பொருந்தாது. கொம்பனி தரும் பெட்டியில் எந்தச் சங்கிலி இருக்கிறது என்பதை முற்றத்தில் வைத்தே பாருங்கள், மலையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

“இவ்வளவு பாரமான லொறி. அந்தப் பாரமே அழுத்திப் பிடிக்காதோ?”

பிடிக்கும், ஆனால் அதே பாரம்தான் லொறியை நிற்கவும் விடாது. சில்லு தரையை அழுத்தும் விசை கூடும் அளவுக்கே, நிறுத்த வேண்டிய திணிவும் கூடுகிறது. ஆகவே மிஞ்சுவது ரயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. காய்ந்த தார்வீதியில் உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருக்கும். அழுந்திய வெண்பனியில் 0.2 அளவுக்கும், பனிக்கட்டியில் 0.1 அளவுக்கும் இறங்கிவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம், பிறேக் பிடித்த கணத்திலிருந்து நிற்பதற்கு இந்த எண்களின்படி முறையே ஏறத்தாழ 14, 49, 98 மீற்றர் தூரம் எடுக்கும். இது வெறும் பௌதிகக் கணக்கு. காற்றுப் பிறேக் வேலை செய்யத் தொடங்கும் தாமதமும் சாரதி உணர்ந்து காலை வைக்கும் நேரமும் இதற்கு மேல்.

வெறும் லொறி இன்னும் மோசம். லோடு இல்லாத ரெயிலர் இலேசாகத் துள்ளும், காற்றுக்கும் ஆடும், பக்கவாட்டில் சறுக்கும். “வெறும் வண்டிதானே, சங்கிலி எதற்கு” என்று சொன்னவர்களைப் பள்ளத்துக்குள் இருந்து இழுத்தெடுத்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

“குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடுமோ?”

இல்லை. இதில் ஊரிலிருந்து போகும் எல்லோரும் ஏமாறுவார்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்கும் வெப்பநிலையில், பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போதுதான் வழுக்கல் மிகக் கூடுதல். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில் பனிக்கட்டி காய்ந்து கரடாகி, அதைவிட நன்றாகவே பிடிக்கும். “இன்றைக்குக் குளிர் குறைவு, பயமில்லை” என்று நினைக்கும் நாளில்தான் கூடுதல் கவனம் தேவை.

“அப்ப குளிர்காலம் முழுக்கப் போட்டபடியே ஓடலாமே?”

முடியாது. வெண்பனி இல்லாத வெறும் தாரில் ஓடினால் இரும்பு நேராக வீதியில் உரசும். சங்கிலி தேயும், அறும், ரயரை வெட்டும், வீதியும் பழுதாகும். இரும்பு தாரில் பிடிக்கும் பிடி இறப்பர் பிடிப்பதைவிடக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். மலை அடிவாரத்தில் போட்டு, உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கி, வீதி கறுப்பாகத் தெரியத் தொடங்கியதும் கழற்றுவதுதான் வழமை. ஒரே நாளில் இரண்டு மலைகளைக் கடந்தால் இரண்டு தடவை போட்டு இரண்டு தடவை கழற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை.

“என்ர மச்சான் ரொறன்ரோவில ஆறு வருசமா ஓடுறான். சங்கிலியைக் கையால தொட்டதே இல்லை எண்டுறான். நீங்கள் கட்டாயம் எண்டுறியள்?”

இருவரும் சொல்வது சரி. கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு அல்ல, மாகாணத்துக்கு மாகாணம், வீதிக்கு வீதி மாறுவது. உங்கள் மச்சான் ஒன்ராறியோவின் தென்பகுதியில், ஓரளவு சமதரையில், ஓயாமல் வெண்பனி தள்ளப்படும் பெருந்தெருக்களில் ஓடுகிறார். மேற்கே மலைக்குப் போனால் கதை வேறு.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரில் 30 வரை, குறிக்கப்பட்ட வீதிகளில், 11,794 கி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட மொத்த எடைக்குரிய வர்த்தக வாகனங்கள் சங்கிலியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அறிவிப்புப் பலகை கட்டாயம் என்று காட்டினால் போட்டுத்தான் ஓட வேண்டும். எல்லை கடந்து அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக்குப் போனால், 10,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரில் 1 வரை அதே கடமை. கொலராடோவில் 70ஆம் இலக்க நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் அது செப்ரெம்பர் 1க்கே தொடங்கி மே 31 வரை நீடிக்கிறது. கலிபோர்னியாவில் நிலைமையை ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று படிகளாக அறிவிப்பார்கள். மூன்றாவது படியில் எந்த வாகனத்துக்கும் விலக்கு இல்லை.

“நல்ல குளிர்கால ரயர் போட்டிருந்தால் சங்கிலி தேவையில்லைத்தானே?”

சிறிய வாகனங்களுக்குப் பல இடங்களில் அது போதும். மேலே சொன்ன எடைக்கு மேற்பட்ட லொறிகளுக்குப் போதாது. நல்ல ரயர் இருந்தால் சங்கிலி போட வேண்டிய நாட்கள் குறையும், அவ்வளவுதான்; சங்கிலியை ஏற்றும் கடமை குறையாது.

“பதினெட்டுச் சில்லு இருக்கு. எல்லாத்துக்கும் போடுறதோ?”

இல்லை. முதலில் போட வேண்டியது எஞ்சின் சுழற்றும் அச்சின் சில்லுகளுக்கு. ஏற்றத்தில் வண்டியை முன்னுக்குத் தள்ளுவது அவைதான். அத்தகைய அச்சு இரண்டு இருந்தால் எதற்கு, எத்தனை ரயருக்கு என்பதை அந்தந்த மாகாணத்தின் படவிளக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் ஒரு பிரதியை மடித்துச் சங்கிலிப் பெட்டியின் மூடிக்குள் நான் ஒட்டி வைத்திருந்தேன்.

ரெயிலருக்கும் சில இடங்களில் கேட்பார்கள். அது ஏறுவதற்காக அல்ல, இறங்கும்போது ரெயிலர் பின்னால் சறுக்கி முன்வண்டியை முந்த வராமல் இழுத்துப் பிடிப்பதற்காக. திருப்பும் முன்சில்லுகளுக்குப் பெரும்பாலும் போடுவதில்லை. அதனால் ஒன்று நினைவிருக்க வேண்டும்: பின்சில்லு எவ்வளவு பிடித்தாலும், வளைவில் திரும்புவது சங்கிலி இல்லாத முன்சில்லுதான். வேகமாக வந்தால் ஸ்ரியறிங்கை வெட்டியபடியே நேராகப் போவீர்கள்.

“போடுற முறையை ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ அண்ணை.”

மலையடிவாரங்களில் சங்கிலி பூட்டுவதற்கென்றே அகன்ற தரிப்பிடங்கள் இருக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஏற்றத்தின் நடுவில் சறுக்கத் தொடங்கிய பின் வீதியோரத்தில் அல்ல. சமதரை பார்த்து நிறுத்தி, தரிப்புப் பிறேக்கை இழுத்து, நான்கு பக்க விளக்கையும் மின்னவிட்டு, ஒளி தெறிக்கும் மேலாடையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இங்கே நாம் வீதியின் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள். வாகனங்கள் நமது வலப்பக்கத்தால் கடந்து போகும். அங்கே எல்லாம் மறுபுறம். சாரதிக் கதவு இடப்பக்கம், வாகனங்கள் உரசிக்கொண்டு போவதும் இடப்பக்கம். என் முதல் குளிர்காலத்தில், பழக்கதோஷத்தால் பாதுகாப்பென்று நினைத்து வாகனங்கள் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பஞ்சாபிச் சாரதி தோளில் தட்டி என்னைத் திருப்பி வைத்தார்.

சங்கிலியை முதலில் நிலத்தில் விரித்து முறுக்கெடுங்கள். ஒரு கண்ணி முறுக்கிக் கிடந்தாலும் அது அந்த இடத்தில்தான் பின்னர் அறும். குறுக்குச் சங்கிலிகளின் நுனியிலுள்ள கொளுக்கிகளின் திறந்த வாய் ரயரைப் பாராமல் வெளியே பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் ரயரின் சுவரைக் கிழிக்கும். பிறகு ரயரின் மேல் போர்த்தி, இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டு, வண்டியைச் சற்று நகர்த்தி, இரண்டு முனைகளும் கைக்கு எட்டும் இடத்தில் சந்திக்கும்படி செய்யுங்கள். உட்பக்கக் கொளுக்கியை முதலில் மாட்ட வேண்டும். வண்டிக்கு அடியில் கையை நுழைத்து, கண்ணால் பாராமல் விரலால் தேடி மாட்டும் வேலை அது. உள்ளே எத்தனை கண்ணி மிஞ்சுகிறதென்று எண்ணுங்கள். மூன்று மிஞ்சினால் வெளியேயும் மூன்றே மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி கோணலாக ஓடும்.

வெளிச்சங்கிலியில் காம் எனப்படும் சிறிய திருகிகள் சில இருக்கும். அதற்கான சாவியால் ஒவ்வொன்றையும் திருப்பி இறுக்கி, அதற்கு மேல் இறப்பர்ப் பட்டியைக் குறுக்கே மாட்டி, தொங்கும் கண்ணிகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். ரயரின் காற்றை இறக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடிக்கும் தந்திரம் எங்கள் ஊர் மூளைக்குத் தோன்றக்கூடும். வேண்டாம். அரை கிலோமீற்றர் ஓடியபின் கட்டாயம் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், ஏனென்றால் சங்கிலி தன் இடத்தில் படிந்து தளர்ந்திருக்கும். முதல் தடவை எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பின்னாளில் அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

“மறுபடி இறுக்காமல் விட்டால் என்ன நடக்கும்?”

என் மூன்றாவது குளிர்காலத்தில் அதைத்தான் செய்தேன். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, கைவிரல்கள் மரத்துவிட்டன, இறங்க மனம் வரவில்லை. ஐந்தாறு கிலோமீற்றர் போவதற்குள் பின்னால் தகரத்தைப் பொல்லால் அடிப்பதைப் போல ஒரு சத்தம் ஒழுங்கான தாளத்தில் கேட்டது. ஒரு குறுக்குச் சங்கிலி அறுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் மட்காட்டை அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்த இடம் தேடுவதற்குள் அது காற்றுப் பிறேக்கின் குழாயையும் வெட்டிவிட்டது.

காற்று இறங்கினால் லொறி பிறேக் இல்லாமல் ஓடும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. காற்றழுத்தம்தான் தரிப்புப் பிறேக்கின் சுருள்வில்லைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறது. அழுத்தம் போனதும் வில் விடுபட்டுச் சில்லைப் பூட்டிவிடும். நான் ஏற்றத்தில் மெதுவாகப் போனதால் வண்டி அப்படியே நின்றது, இறக்கமாக இருந்திருந்தால் வேறு கதை. மூன்று மணித்தியாலம் பின்னால் வந்தவர்களின் வாயில் விழுந்தேன். அப்போது வேலை செய்த கொம்பனி மட்காட்டின் காசையும் சம்பளத்தில் வெட்டியது. அது நியாயமா என்பதில் எனக்கு இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு, ஆனால் பிழை என்னுடையது.

சத்தம் மாறினால் உடனே பாருங்கள். நன்றாக இறுகிய சங்கிலி ஒரே சீராக இரையும், தளர்ந்தது அடிக்கும்.

“போட்டாப்பிறகு எவ்வளவு வேகம் ஓடலாம்?”

50 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. நான் 40இல் ஓடினேன். பரந்தனிலிருந்து ஆனையிறவுக்கு மாட்டுவண்டிக்குப் பின்னால் போவதைப் போல் பொறுமை வேண்டும். வேகம் கூடினால் சங்கிலி வெளிநோக்கி வீசப்பட்டு, மேலே சொன்ன மட்காட் கதைதான் நடக்கும்.

“எங்கட ஆனையிறவு உப்பு மாதிரி அங்கை வீதிக்கு உப்புப் போடுறாங்களாம். உப்புப் போட்டால் பனி கரையுந்தானே, பிறகேன் சங்கிலி?”

இதைக் கேட்டவர் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். கேள்வி எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. உப்பு நீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதால் பனிக்கட்டி கரைகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நாம் சோற்றில் போடும் அதே சோடியம் குளோரைட்டு, பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பத்துப் பாகை வரைதான் வீதியில் உருப்படியாக வேலை செய்யும். எவ்வளவு செறிவாகக் கரைத்தாலும் −21 பாகையில் உப்புநீரும் உறைந்துவிடும். அதற்கு மேற்பட்ட குளிரில் வேறு உப்புகளையோ, கரைக்காமல் பிடி மட்டும் கொடுக்கும் மணலையோ போடுவார்கள். அதைவிட, மலையில் வெண்பனி அடித்துக் கொட்டும்போது உப்பு வண்டி திரும்பி வருவதற்குள் வீதி மறுபடி மூடிவிடும்.

உப்பு சங்கிலிக்கும் எதிரி. முற்றத்துக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, தொங்கவிட்டுக் காயவைத்து, எண்ணெய் பூசி வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் குவித்தால் அடுத்த தடவை ஒரே துருக்கட்டியாகத்தான் வெளியே வரும்.

“சுவிச்சைத் தட்டினால் தானாப் போடுற சங்கிலி இருக்காமே?”

இருக்கிறது. அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சில்லும், அதைச் சுற்றித் துண்டுச் சங்கிலிகளும் தொங்கும். சுவிச்சைத் தட்டினால் காற்றழுத்தம் அதை ரயரின் உட்பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தும். ரயரோடு அது சுழன்று, துண்டுச் சங்கிலிகளை ஒன்றன்பின் ஒன்றாக ரயருக்கு அடியில் வீசும். மெல்லிய வெண்பனிக்கும் பனிக்கட்டிக்கும் அருமையான சாமான். ஆனால் வெண்பனி ஆழமாக இருந்தால் துண்டுகள் ரயருக்கு அடியில் போகாமல் பனிக்குள் அமிழ்ந்துவிடும். வண்டி நின்று புதைந்த பின்பும் பயனில்லை, ஏனென்றால் சில்லு உருண்டால்தான் அது வேலை செய்யும். கையால் போடும் சங்கிலிக்கு அதை மாற்றாக எண்ணிவிடாதீர்கள்.

“இறக்கத்தில சங்கிலி இருந்தால் எஞ்சின் பிறேக்கை நம்பி விடலாமோ?”

கடுகண்ணாவை இறக்கத்தில் செய்வதை அங்கே செய்யக் கூடாது. எஞ்சினின் இழுவையாலேயே வண்டியை மெதுவாக்கும் எஞ்சின் பிறேக் எல்லாச் சில்லையும் பிடிப்பதில்லை. எஞ்சின் சுழற்றும் அச்சை மட்டுமே பிடிக்கிறது. வழுக்கும் தரையில் அந்தச் சில்லுகள் திடீரெனப் பிடிபட்டால் அவை சறுக்கும். பின்னால் வரும் ரெயிலர் தள்ளத் தள்ள, முன்வண்டி பேனாக்கத்தி மடிவதைப் போல் மடிந்துவிடும். சங்கிலி இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. உச்சியிலேயே சிறிய கியருக்கு மாற்றி, மெதுவாக, பிறேக்கை மென்மையாகத் தொட்டுத்தொட்டு இறங்க வேண்டும். இரண்டு பின் அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டும் சுவிச்சை, சில்லு வீணாகச் சுழலத் தொடங்குவதற்கு முன்பே போடுங்கள். சுழலும்போது போட்டால் உள்ளே பல்லுடையும்.

“பலகை ஒண்டும் காட்டேல்லை, ஆனால் சறுக்குது. கொம்பனிக்காரன் ‘நேரம் போகுது, ஓடு’ எண்டுறான். என்ன செய்யிறது?”

பலகை குறைந்தபட்சத்தை மட்டுமே சொல்கிறது. பலகை மின்னாவிட்டாலும் சங்கிலி போடுவதற்குத் தடை இல்லை. நிறுத்திக் காத்திருப்பதற்கும் தடை இல்லை. வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிவது அலுவலகத்தில் இருப்பவரின் கணினிக்குத் தெரியாது. புதிதாகப் போனவர்கள், வேலை போய்விடுமோ, வீசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்து ஓடுவதை நான் அறிவேன்; அந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனாலும் வண்டி புரண்டால் பொலிஸ் கேள்வி கேட்பது ஸ்ரியறிங்கைப் பிடித்தவரிடம்தான். நிறுத்திய நேரம், இடம், வீதியின் படம் ஆகியவற்றை எடுத்து அனுப்பிவிட்டு, “இந்த நிலைமையில் ஏறமாட்டேன்” என்று எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் சத்தம் போடுபவர்கள் எழுத்தில் அதைத் திருப்பிச் சொல்வது அபூர்வம்.

“இங்கை பனியே இல்லையே, போறதுக்கு முன்னம் பழக ஏதும் வழி இருக்கோ?”

ஓட்டத்தைப் பழக முடியாது, பூட்டுவதைப் பழகலாம். கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு கராச்சில், நான் கொண்டுவந்த பழைய ஒற்றைச் சங்கிலி ஒன்று சுவரில் தொங்குகிறது. அளவு ஒத்துவரும் லொறி ஏதாவது திருத்த வந்தால், உரிமையாளரைக் கேட்டு அதன் ரயரில் போர்த்திப் பழக்குவோம். தடித்த இறப்பர்க் கையுறை இரண்டு சோடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும், கையை வாளித் தண்ணீரில் நனைக்க வேண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு உட்பக்கக் கொளுக்கியை விரலால் தேடி மாட்ட வேண்டும். போன ஆனியில் பழக வந்த தம்பி ஒருவன், வியர்வை ஒழுக ஒழுக நாற்பது நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கட்டை அவிழ்த்துப் பார்த்தான். உள்ளே இரண்டு கண்ணி மிஞ்சியிருந்தது, வெளியே நான்கு. கழற்றி மறுபடி போடச் சொன்னேன்.